நூல்படி ஒரு கிண்ணம்

சீன தேசத்துப் படகுத்துறை ஒன்றில் லியென் என்றொருத்தி தேநீர்க்கடை வைத்திருந்தாள். எழுத்து வாசனை கிடையாது, வாய் உண்டு. ஒருநாள் துறை அதிகாரி கோங், பட்டில் சுற்றிய பழைய சுருள் ஒன்றோடு வந்து உட்கார்ந்தார்.

"தேநீரைப் பற்றி முன்னோர் எழுதிய நூல் இது. இதில் உள்ளபடியே போட்டுக் கொடு. இம்மி பிசகினாலும் கடைக்குப் பூட்டு."

லியெனுக்குச் சுருக்கென்றது. இந்த அடுப்பை விட்டால் அவளுக்குச் சோறு ஏது?

"எனக்குப் படிக்கத் தெரியாதே ஐயா. நீங்கள் வாசியுங்கள், நான் செய்கிறேன்."

கோங்குக்குத் தன் குரல்மேல் கொள்ளை ஆசை. ராகம் போட்டு வாசித்தார். தண்ணீரில் மீன்கண் போலக் குமிழி வரவேண்டும் என்றார், வந்தது. உப்பு ஒரு சிட்டிகை என்றார், விழுந்தது. தேயிலைத்தூள் ஒரு கரண்டி என்றார், அதுவும் விழுந்தது. கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைத்தாள். மனிதர் நிறுத்தினால்தானே? அடுத்த வரியையும் தாண்டி, பாத்திரத்தின் அழகு, மலையின் பெருமை என்று இழுத்துக்கொண்டே போனார். அவளும் தலையாட்டிக் கேட்டாள்.

ஒருவழியாகக் குடித்தவர் முகம் சுளித்தார். "பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. எங்கே பூட்டு?"

"கிண்ணத்தை வைத்ததும் என்ன செய்யச் சொன்னது நூல்? அந்த வரியை இன்னொரு தரம் வாசியுங்களேன்."

கோங் சுருளைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். ராகம் இறங்கிவிட்டது. "சூடு ஆறுமுன் குடிக்க வேண்டும்."

"என் கை நூல்படிதான் நடந்தது. பிசகியது உங்கள் வாய். பூட்டை எதில் போடலாம், ஐயா?"

கடையில் இருந்த படகுக்காரர்கள் சிரித்தார்கள். கோங்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லியென் புதிதாக ஊற்றிக் கொடுத்துவிட்டு, சுருளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதலில் குடியுங்கள். அப்புறம் தருகிறேன்."