கோமதி இறந்த வாரம்

தில்ஷாத்திடம் தொடர் எழுதக் கற்றுக்கொள்ள வந்தபோது பிரகாசத்துக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. தில்ஷாத் அவரைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் பிரகாசம் அவரை "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். அதற்கு முன் பிரகாசம் பாதிரியார் ஆவதற்காகக் குருமடத்தில் படித்தவர். படிப்பு முடிகிற சமயத்தில் வெளியே வந்துவிட்டார். ஏன் என்று தில்ஷாத் கேட்டதில்லை.

இருவரும் சேர்ந்து எழுதிய தொலைக்காட்சித் தொடர் 'வான்செவி'. அதன் நாயகன் முகிலன் பறப்பான். அது பெரிதில்லை. நகரத்தில் யார் உதவி கேட்டுக் கூப்பிட்டாலும் அவன் காதில் விழும். கோயிலில் நின்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாலும் விழும். அத்தனை வேண்டுதலையும் கேட்டுக் கேட்டு, ஓடி வருவது தான் ஒருவன்தான் என்று கண்டு, அவனுக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது. அவன் மனைவி கோமதி தினமும் விளக்கேற்றிக் கும்பிடுவாள். அதில்தான் இருவருக்கும் சண்டை, அதில்தான் அன்பும்.

அந்த வாரக் கதையில் நகரத்தில் வெள்ளம். தண்ணீரில் மாட்டிக்கொண்ட கோமதி அவனைக் கூப்பிட்டாள். அதே நேரத்தில் பாலத்திலிருந்து ஒரு பள்ளிப் பேருந்து சரிந்துகொண்டிருந்தது. முகிலன் பேருந்துக்குப் போனான். கோமதி இறந்துபோனாள்.

மறுநாள் காலையிலிருந்து தில்ஷாத்தின் போன் ஓயவில்லை.

மதுரையில் கோமதியின் படத்தைப் போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். சிவகாசியில் ஒரு பெண் பூஜை அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டதாக வீடியோ அனுப்பினாள். திருப்பூரில் ஒருத்தி புருஷனிடம், "நீயா இருந்தா யாரைக் காப்பாத்துவே?" என்று கேட்டிருக்கிறாள். அவன் கொஞ்சம் யோசித்தான். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெண்டாட்டியைக் காப்பாற்ற வக்கில்லாதவன் என்ன வீரன் என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். அந்தக் குழந்தைகள் மனிதர்கள் இல்லையா என்று ஆயிரம் பேர் திருப்பி எழுதினார்கள். வேற்று மதத்துக்காரி வேண்டுமென்றே கோமதியின் விளக்கை அணைத்துவிட்டாள் என்றும் எழுதினார்கள். உன் வீட்டிலும் ஒரு சாவு விழட்டும் என்று ஒருவர் எழுதி, கீழே தன் பெயரையும் போட்டிருந்தார்.

நாலாம் நாள் சேனலிலிருந்து சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் கோமதி உயிரோடு வர வேண்டும். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றார், எழுதும் மாடி அறையில் எதிரே உட்கார்ந்திருந்த பிரகாசம்.

"கேளுங்க சார்."

"குருமடத்துல இருந்தப்ப ஒரு குழந்தையோட அடக்கத்துக்கு என்னை அனுப்பினாங்க. அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எழுப்பிக் குடுங்க பிரதர்'னு கேட்டாங்க. எல்லாம் கடவுளோட சித்தம்னு சொல்லத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. வாயில வரலை. அதுக்கப்புறம் அங்க இருக்க முடியலை."

பிரகாசம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இங்க நம்மால முடியும், மேடம். ஒரே ஒரு காட்சி. கோமதி எழுந்து உக்காந்துடுவா. இத்தனை பேர் அழுறாங்களே, எழுப்பிக் குடுத்தா என்ன?"

தில்ஷாத் மேசைமேல் இருந்த போனைக் கையில் எடுத்து, வாட்ச்மேன் அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்தார்.

"கீழே ஒருத்தர் வந்து உக்காந்திருக்காராம். வாட்ச்மேன் துரத்தியும் போகலையாம். நீங்க போய் என்னன்னு கேளுங்க. நான் சேனலுக்குப் பேசணும்."

"அடிக்க வந்தவனா இருந்தா?"

"வாங்கிட்டு வாங்க."

கீழே, இருசக்கர வண்டிகளுக்கு நடுவே, படிக்கட்டின் கடைசிப் படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். பிரகாசத்தைப் பார்த்ததும் எழுந்து விறைப்பாக நின்றார்.

"கதை எழுதுறவரா சார்?"

"நானும் எழுதுறேன். உக்காருங்க."

"என் பேர் வீரபாகு. கடலூர் பக்கம். தீயணைப்புல இருக்கேன்."

பிரகாசம் பக்கத்தில் உட்கார்ந்தார். வீரபாகு உட்காரவில்லை.

"போன தடவை பெருமழை பெஞ்சப்ப நான் படகுல டியூட்டி சார். காலனி முழுக்கத் தண்ணி. மொட்டைமாடியில ஜனங்க. வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க. அப்ப பாக்கெட்டுல போன் அடிச்சுது. எங்க வீட்டு நம்பருக்குத் தனியா ஒரு பாட்டு வச்சிருப்பேன். அதுதான் அடிச்சுது."

"எடுத்தீங்களா?"

"எடுத்தா போயிடுவேன்னு தெரியும் சார். அதனால எடுக்கலை."

மேலே எங்கோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வீரபாகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கூப்பிட்டது என் சம்சாரம் இல்ல, என் பொண்ணு இசைவாணி. சுவர் இடிஞ்சு அவ அம்மா மேல விழுந்திருந்துது. பக்கத்து வீட்டுக்காரங்க பொண்ணைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. அவ அம்மாவைக் காப்பாத்த முடியலை. டவர் இல்லம்மா, போன் வரவே இல்லைன்னு பொண்ணுகிட்ட சொல்லியிருக்கேன். அவளும் சரிப்பான்னா. அதுலருந்து எங்க ரெண்டு பேருக்கும் பேச்சே கொறைஞ்சு போச்சு."

பிரகாசத்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போன வாரம் ரெண்டு பேரும் உங்க கதையைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். கோமதி கூப்பிட்டா. இவன் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்துட்டு பஸ்ஸுப் பக்கம் போனான். பொண்ணு என் பக்கம் திரும்பினா. 'அவனுக்குக் கேட்டுதுல்லப்பா?' அப்படின்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'கேட்டுதும்மா'ன்னேன். அவ டிவியைப் பத்தித்தான் கேட்டா. நானும் டிவியைப் பத்தித்தான் சொன்னேன்."

வீரபாகு தோள்பையைக் கழற்றிப் படியில் வைத்தார்.

"அப்புறம் அவ எழுந்து போய் சோறு போட்டுக் கொண்டாந்து வச்சா. எனக்கும் வச்சா, அவளுக்கும் வச்சா. எதிரெதிர உக்காந்தோம். ரெண்டு பேரும் கை வைக்கலை. அப்படியே மூடி வச்சுட்டுப் படுத்துட்டோம். இன்னிவரைக்கும் அப்படித்தான். தனித்தனியா ஏதோ தின்னுக்கிறோம்."

பிரகாசம் அவர் கையைப் பிடித்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டார்.

"கோமதியைத் திரும்பக் கொண்டு வரச் சொல்றாங்க. அடுத்த வாரமே வந்துடுவா. உங்களுக்கு அது ஆறுதலா இருக்குமா?"

வீரபாகு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"வருவாளா சார்?"

"வரலாம்."

"முகிலன் குடுத்து வச்சவன்."

தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"நான் கேக்க வந்தது வேற சார். முகிலன் வீட்டுல கோமதியோட அம்மா இருக்காங்கல்ல? காரியமெல்லாம் முடிஞ்சதும் அவங்கதானே அவனுக்குச் சோறு போடுவாங்க? மக கூப்பிட்டது அவனுக்குக் கேட்டுதுன்னு அவங்களுக்கும் தெரியும். எதிர்லயே உக்காந்திருப்பாங்க. அப்ப அவன் எப்படிச் சாப்பிடுவான்? அதைக் காட்டுவீங்களான்னு கேக்கத்தான் வந்தேன். பொண்ணும் பார்ப்பா."

பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு கும்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்து போனார்.

பிரகாசம் மேலே வந்தபோது தில்ஷாத் பேசி முடித்திருந்தார்.

"மேடம், சேனல்ல முடியாதுன்னு சொல்லிடுங்க."

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அடுத்த வாரத்தோட கதையை முடிச்சுக்கச் சொல்லிட்டாங்க."

கேமராக்காரர்கள், லைட் பிடிப்பவர்கள், கோமதியின் அம்மாவாக நடிக்கும் அந்தக் கிழவி என்று ஒவ்வொரு முகமாகப் பிரகாசத்துக்கு நினைவுக்கு வந்தது.

"எல்லாருக்கும் வேலை போச்சே."

"ஆமா. நமக்கும்தான்."

வெகு நேரம் கழித்து, கீழே வந்தவர் சொன்னதையெல்லாம் பிரகாசம் சொன்னார். தில்ஷாத் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"எனக்குத் தெரியலை, மேடம். எவ்வளவு யோசிச்சாலும் தெரியலை. அவன் எப்படிச் சாப்பிடுவான்?"

"எனக்கும் தெரியாது" என்றார் தில்ஷாத். லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அவனைத் தட்டு முன்னாடி உக்கார வைங்க. சாப்பிடுறானா பார்ப்போம்."