ஓடை அவிழ்த்த கொடி

ஒரு காட்டுக்குள் ஓர் ஓடை, குனிந்த தலை நிமிராமல் கூழாங்கல் கழுவிக்கொண்டிருந்தாள். முதல் மழை விழுந்துவிட்டது. கீழே பெரிய ஏரியில் வாழ்க்கைப்பட்ட கெண்டைகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பிள்ளைப்பேற்றுக்கு அவளிடம்தான் ஏறி வரும். ஏரி புகுந்த வீடு, ஓடை தாய்வீடு. வருகிறவர்கள் முட்டையிடச் சேறில்லாத கல் வேண்டுமே. மூத்தவள் செவலைக்கு அந்தத் தட்டை வெள்ளைக்கல்தான் பிடிக்கும்.

அந்தச் சமயத்தில் மலைக்காரர்கள் வந்து, ஓடை ஏரியில் இறங்கும் வாசலில் கரைக்குக் கரை ஒரு பச்சைக் காட்டுக்கொடியை இழுத்துக் கட்டிவிட்டுப் போவார்கள். கொடி கிடக்கும்வரை அதற்கு மேலே யாரும் தூண்டில் போடக் கூடாது.

ஏரிக்கு வாய் நீளம். வெளியூரிலிருந்தெல்லாம் ஜீப்பில் ஆட்கள் வந்து ஏரிக்கரையில் கூடாரம் அடித்தார்கள். பிடித்த மீனைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"என்ன சம்பந்தி, இந்த வருஷமும் உங்க வீட்டுப் பக்கம் ஒரு ஈ காக்கா காணோம்?" என்றாள் ஏரி. "இங்க நிக்க இடமில்ல. உங்களுக்குத்தான் ஆளுங்கன்னாலே ஆகாதே."

ஓடைக்கு முகம் சுண்டிப்போயிற்று. எதிரே நின்று பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. கொடியிடம் போய் முணுமுணுத்தாள்.

"நீ வாசலை மறிச்சுக் கிடக்கறதாலதான் யாரும் எட்டிப் பார்க்கல."

"ஆமா, வேலையத்துப் போய்க் கிடக்கறேன்," என்றது கொடி. "உள்ள பிள்ளைத்தாச்சிங்க இருக்காங்க தாயி. பிரசவ அறைக் கதவை யாராவது திறந்து போடுவாங்களா?"

"ஒரே ஒரு நாள். நாலு பேர் பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் மறுபடி கட்டிக்கலாம்."

"உனக்கு அவிழ்க்கத்தான் முடியும். தண்ணிக்கு முடிச்சுப் போடத் தெரியாது."

ஓடை கேட்கவில்லை. மழைத்தண்ணீரையெல்லாம் திரட்டி முடிச்சின்மேல் மோதினாள். கொடி அவிழ்ந்து ஏரிக்குள் போய் விழுந்தது.

மறுநாள் ஜீப்காரர்கள் வந்தார்கள்.

"கொடியைக் காணோமே! அவுத்துட்டாங்க போல, வாடா மேல போகலாம்."

"அடேயப்பா, என்ன தண்ணி! அடியில இருக்கற கல்லெல்லாம் தெரியுது பாரு."

அவளை யாரும் அப்படிப் புகழ்ந்ததே இல்லை. வெட்கம் தாங்காமல் இன்னும் தெளிந்து, இன்னும் அடங்கி நின்றாள்.

வெள்ளைக்கல்லோடு ஒட்டிக்கொண்டு செவலை கெஞ்சினாள். "அம்மா, எங்களைப் பார்த்துட்டாங்க. கொஞ்சம் கலங்கேன்மா. எங்களால ஓட முடியாது."

"சும்மா இருடி, விருந்தாளிங்க நிக்கறாங்க. கலங்கின முகத்தோட எப்படி நிக்கறது?"

தூண்டில் விழுந்தது. செவலையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்கள். அவள் வயிற்றிலிருந்து மஞ்சள் மஞ்சளாக முட்டைகள் கரை மணலில் சொட்டின. அப்போதுதான் ஓடை அடிச்சேற்றையெல்லாம் வாரி மேலே இறைத்துக்கொண்டு கலங்கினாள். அதற்குள் மற்ற தூண்டில்களும் விழுந்துவிட்டிருந்தன. ஒருத்திகூட மிஞ்சவில்லை.

அடுத்த வருஷமும் முதல் மழை பெய்தது. மலைக்காரர்கள் புதுக்கொடி கட்டிவிட்டுப் போனார்கள். தூக்கிப் பிடிக்க மீன் இல்லாததால் ஏரிக்கரையில் ஜீப்பும் இல்லை, கூடாரமும் இல்லை. ஓடை மட்டும் குனிந்து கல் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி!" கீழேயிருந்து ஏரி கூப்பிட்டாள். அவள் குரலில் பழைய மிதப்பு இல்லை. "இங்க கரையெல்லாம் வெடிச்சுக் கிடக்கு, தண்ணியோட இறங்கி வாங்க. எத்தனை நேரம் அதையே தேய்ப்பீங்க? யார் வரப் போறாங்க?"

"இதோ வந்துட்டேன் சம்பந்தி. இந்த வெள்ளைக்கல்லு ஒண்ணை மட்டும் கழுவி வெச்சுடறேன், செவலைக்கு இதுதான் பிடிக்கும், அவ வந்தா முட்டையிட இடம் வேணுமே."