முதல் தண்ணீர்

பூவரசன்துறை இராயப்பர் கோயிலில் பிரகாசியம்மாளுக்கு ஒரே ஊழியம், பீடத்துணி வெளுப்பது. மற்ற நாளெல்லாம் மீன்கடவத்தைத் தலையில் சுமந்து விற்றவர், சனிக்கிழமை மட்டும் கடவத்தைத் தொடமாட்டார். கைகளை மூன்று முறை கழுவி, சேலைத் தலைப்பால் தலையை மூடி, மனதுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டே அலசுவார். மீன் நாற்றம் பிடித்த கைக்குப் பீடத்துணியா என்று கேலி பேசிய பெண்கள் உண்டு. ஆண்டவரின் சீடர் இராயப்பரும் மீன்காரர்தானே என்று சிரித்துவிட்டுப் போவார்.

திருப்பலியில் நற்கருணை வைக்கும் துகிலுக்குத் தனி முறை உண்டு. ஆண்டவரின் உடலாகிய அப்பத்தின் துணுக்கு ஏதேனும் ஒட்டியிருக்கலாம் என்பதால், அதை முதலில் அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது. யாரும் மிதிக்காத மண்ணில் ஊற்ற வேண்டும். அந்த முறையை அம்மையார் ஒரு வாரமும் மீறியதில்லை.

அவர் பட்ட துயரம் சொல்லி மாளாது. கணவரைக் கடல் கொண்டுபோனது. அதற்கும் முன்பே தலைப்பிள்ளை, பிறந்த அன்றே, ஞானஸ்நானம் பெறுமுன் இறந்துபோனான். அந்தக் காலத்து வழக்கப்படி அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. பின்மதிலுக்கு வெளியே, தாழங்காட்டில், ஒரு செபம்கூட இல்லாமல் புதைத்தார்கள். என் பிள்ளை ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தானா என்ற ஒரே கேள்வி தாயின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. ஆனாலும் ஆண்டவரை ஒரு சொல் நொந்ததில்லை.

அது திருவருகைக் காலத்தின் கடைசிச் சனிக்கிழமை. மறுநாள் கழிந்தால் கிறிஸ்து பிறப்பு விழா. குடிலுக்கு வைக்கோல் வந்திறங்கியது. ஏணி போட்டு நட்சத்திரம் கட்டினார்கள். மணியடிப்பது முதல் கோயில் வேலையெல்லாம் பார்க்கும் கோயில்பிள்ளை ததேயு ஊரையே விரட்டிக்கொண்டிருந்தார். கோயிலில் ஆண்டவருக்கு அடுத்த அதிகாரம் அவருக்குத்தான் என்பார்கள். அடுத்ததுதானா என்று சிலருக்குச் சந்தேகம். பின்மதில் இடைவெளியில் பிரகாசியம்மாள் தண்ணீர்ச் சட்டியோடு நுழைவதைக் கண்டு பின்னாலேயே போனார். தாழங்காட்டில் ஊற்றுவதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செபம் சொல்லி மந்திரிக்காத மண்ணில் ஆண்டவரைக் கொட்டுகிறாள், இனி துணியைத் தொடக்கூடாது என்று இழுத்துவந்து, புதிதாக வந்திருந்த பங்குத்தந்தையின் முன் நிறுத்தினார்.

திருவிழாத் துணியெல்லாம் வெளுக்காமல் கிடக்க, ஊழியம் பறிபோகும் நிலையிலும் அம்மையார் கலங்கவில்லை.

"ஆரும் மிதியாத எடமாப் பாத்து ஊத்தச் சொன்னாவ சாமி. இந்த ஊருல அதவிட ஆரும் மிதியாத எடம் எங்க கெடக்கு?" என்றார். பிறகு தாழங்காட்டின் பக்கம் கை காட்டினார். "அங்க எம்பிள்ள கெடக்கான். அவனுக்கும் ஒரு துளி கெடைக்கட்டும்னு நெனச்சேன். தப்புன்னா பொறுத்துக்கிடுங்க."

 குருவானவர் பிள்ளையின் பெயரை மட்டும் கேட்டார்.

"தலையில தண்ணி விழாத பிள்ளைக்கு ஏது பேரு? சும்மா மக்களேன்னு கொஞ்சிக் கூப்பிடுவேன்."

குருவானவர் அடக்கச் சடங்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே தாழங்காட்டுக்கு நடந்தார். போகும்போதே ததேயுவிடம் துக்கமணி அடிக்கச் சொன்னார். திருவிழா வேலைக்கு நடுவில் துக்கமணியா என்று திகைத்தாலும், ததேயு கயிற்றைப் பிடித்தார்.

ஊரில் யார் இறந்தாலும் அடிக்கும் மணி அது. ஏணியில் நின்றவர்கள் இறங்கிவந்து, யார் வீட்டில் என்று கேட்டார்கள். ததேயு கயிற்றை விடாமலே சொன்னார்.

"பிரகாசியக்காவுக்க மவன்."

"எப்ப?"

"நாப்பத்தொரு வருசமாச்சி."

 கேட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தாழங்காட்டுக்குப் போனார்கள். மணல் முழுக்கக் காலடியாயிற்று. குருவானவர் மண்ணை மந்திரித்து, இந்த மகவை உம் மார்பில் சேர்த்தருளும் என்று மன்றாடினார். அதுவரை அழாத அந்தத் தாய், பிள்ளை இன்றுதான் இறந்ததுபோல் மண்ணில் விழுந்து, "மக்களே, மக்களே" என்று கதறினார். ததேயு அவரருகில் முழந்தாளிட்டார்.

ஊர் தள்ளிவைத்த பிள்ளைக்கு ஆண்டவரைத் துளித்துளியாய்க் கொண்டுசேர்த்த அந்தப் புண்ணியவதியின் கைகளை நாமும் கும்பிடுவோம்.