இறங்குபாறைக்கு எத்தனை அங்குலம்

ஜீப்பை எத்தனை அங்குலம் தூக்குவது என்ற ஒரே கேள்வியோடு வீரணன் காலையிலேயே ஜெசிந்தாவின் பட்டறைக்கு வந்து நின்றான்.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தெட்டு வருடம் மலைத்தடத்தில் ஸ்டீயரிங் பிடித்த கை. அவளுக்கு முப்பத்தாறு. இருந்தாலும் அவன்தான் சீடன். உதவாது என்று எல்லோரும் கைவிட்ட கியர்பாக்ஸை அவள் பிரித்துப் பூட்டியதைப் பார்த்த நாள் முதல், சவாரி இல்லாத பொழுதெல்லாம் அவளிடம் தொழில் பழகினான். அவன் அவளை மேஸ்திரி என்பான். அவள் அவனை அண்ணே என்பாள், திட்டும்போதும்.

“நாலா, ஆறா? ஆறுன்னாலும் சரி மேஸ்திரி.”

“எதுக்கு?”

“இறங்குபாறைக்கு.”

மலைமேல் ஊரான தவிட்டுமேட்டுக்குப் போகும் தடத்தில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக நெருக்கும் இடத்தில், நட்டநடுவே துருத்திக்கொண்டிருக்கும் பாறை அது. அங்கே வந்ததும் ஆட்கள் தாமாகவே இறங்கிவிடுவார்கள். ஆளை இறக்கினால் வண்டி உசரும் என்பது ஜீப்புக்காரர்களின் கணக்கு. காலி வண்டி அடிவயிற்றில் ‘டங்’கென்று ஓர் இடி வாங்கிக்கொண்டு தாண்டும். ஆட்கள் மறுபடி ஏறிக்கொள்வார்கள். டிரைவர் மட்டும் இறங்குவதில்லை.

“வெள்ளிக்கிழமை மருமக பூமயிலைக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரணும். எட்டாம் மாசம்” என்றான் வீரணன். “போன தடவை முழுகாம இருந்தப்ப அந்தப் பாறையில இறங்கி ஏறுனா. அடுத்த வாரம் புள்ள தங்கல. டாக்டர் அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லேங்கறாரு. எனக்கு மனசு கேக்கல. இந்தத் தடவை அவ இறங்கவும் கூடாது, வண்டி இடிக்கவும் கூடாது.”

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரையும் எழுப்பிக் கூட்டி வந்தாள்.

“எல்லாரும் ஜீப்புல ஏறுங்க.”

“எங்கம்மா போறோம்?”

“எங்கேயும் போகல. வண்டி நகராது.”

“அப்பச் சரி” என்று ஒருவர் ஏறினார். “வீரணன் வண்டியில பயமில்லாம உக்கார்றது இதான் மொதத் தடவை.”

வீரணனை வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னாள். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்திருக்கும் உருண்டைக்குக் கீழே ஒரு குச்சியை நிறுத்தி, சரியாக முட்டும்படி நறுக்கச் சொன்னாள். நறுக்கினான்.

“இப்ப எல்லாரும் இறங்குங்க.”

இறங்கினார்கள். ஸ்பிரிங் பட்டைகள் முனகின. வண்டியின் உடம்பு இரண்டு அங்குலம் மேலே வந்தது.

“குச்சி என்ன சொல்லுது?”

வீரணன் பார்த்தான். குச்சி அப்படியே முட்டிக்கொண்டு நின்றது.

அவள் ஜாக்கியை வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கொடுத்து உடம்பை இன்னும் நாலு அங்குலம் தூக்கினாள்.

“இப்ப?”

“முட்டிக்கிட்டுத்தான் நிக்குது.”

“பாறையில இடிக்கிறது எது?”

அவன் கையை நீட்டி உருண்டையைத் தடவினான். அடியில் இரும்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. இருபத்தெட்டு வருடமாக எத்தனை பேரை வெயிலிலும் மழையிலும் இறக்கிவிட்டிருப்பான்! சும்மா இறக்கிவிட்டிருக்கிறான். அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான்.

“அப்ப இதைத் தூக்க வழியே இல்லையா மேஸ்திரி?”

“டயர்தான் தூக்கும்.”

ஓர் அளவு பெரிய டயர்களை மாட்டினார்கள். குச்சிக்கு மேல் ஓர் அங்குலம் இடைவெளி விழுந்தது. வீரணன் முகம் மலர்ந்தது.

“ஆளுங்களை ஏத்துங்க. பாறையில ஏறுன மாதிரி ஒரு முன்சக்கரத்துக்கு அடியில செங்கல் அடுக்குங்க. இப்ப ஸ்டீயரிங்கை முழுசா ஒடிங்க.”

ஒடித்தான். டயர் மட்கார்டில் ‘கர்ர்’ரென்று உரசியது.

“இந்த உரசல் போறதுக்குத்தான் உடம்பைத் தூக்குறது. ரெண்டு அங்குலம் போதும்.” பட்டையைக் கழற்ற ஸ்பானரைக் கையில் எடுத்தவள் நிறுத்தினாள். “ஆமா, பாறை எவ்வளவு உசரம்?”

வீரணன் அதை அளந்ததே இல்லை. சீட்டிலிருந்து பார்த்தே பழகிய பாறை.

“போய் அளந்துட்டு வாங்க.”

மறுநாள் வந்தான். “சக்கரம் போற தடத்துலேருந்து ஒன்பதரை.”

பெரிய டயரோடு உருண்டையின் உயரம் ஒன்பது அங்குலம்.

“அரை அங்குலம் உதைக்குதே! இன்னும் பெரிய டயரா மாட்டிடு மேஸ்திரி.”

“மாட்டலாம். அதுக்கு இடம் விட இன்னும் தூக்கணும். தூக்கினா கொண்டையூசி வளைவுல சாயும். எந்தப் பக்கம் சாயும்?”

“பள்ளத்துப் பக்கம்” என்றான் வீரணன்.

“அந்த ரெண்டு அங்குலத்தை இன்னிக்கே தூக்கிடறேன், வண்டிக்கு உசரம் அவ்வளவுதாண்ணே. பாதைக்கு உசரம் வேணும்னா நீங்கதான் இறங்கணும்.”

வியாழக்கிழமை முழுக்க வீரணன் இறங்குபாறையில் கிடந்தான். சக்கரம் போகும் இரண்டு தடத்திலும் பட்டைக் கற்களைப் பதித்து, சந்துகளில் சல்லியும் மண்ணும் இட்டுக் கெட்டித்தான். உயரமாக வைத்த கல்லைப் பெயர்த்துத் தாழ்த்தினான். ஏற்றம் திடுக்கென்று இல்லாமல் பத்தடிக்கு முன்னாலிருந்தே மெல்லத் தொடங்கும்படி சரிவு கொடுத்தான். அந்த வழியாக வந்த ஜீப்புக்காரன், “என்னண்ணே, கோயில் கட்டுறியா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை பூமயில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். பத்தொன்பதாம் நாள் பெண் குழந்தை பிறந்தது.

இனிப்புப் பொட்டலத்தோடு பட்டறைக்கு வந்த வீரணனுக்கு மனசில் சின்னதாக ஒரு குறை.

“இப்ப மலையில எவன் வண்டியும் இடிக்கல மேஸ்திரி. ஆளைக்கூட இறக்குறதில்ல. எல்லாம் எங்க வண்டி உசரம்னு பேசிக்கிட்டுத் திரியறானுங்க. கல்லு பதிச்சது ஒருத்தன் வாயிலயும் வரல, கோயில் கட்டுறியான்னு கேட்டவன் வாயிலகூட.”

“பூமயில் என்ன சொன்னா?”

“அவ எங்கே சொல்றது? பாறையைத் தாண்டும்போது நல்ல தூக்கம். ஆஸ்பத்திரி வாசல்ல எழுப்பித்தான் இறக்கினேன்.”

ஜெசிந்தா பொட்டலத்தைப் பிரித்தாள்.

“அப்ப கல்லைச் சரியாத்தான் வச்சிருக்கீங்கண்ணே.”