கொக்கியை எடுத்த பிறகு

சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவை ஓர் இரும்புக் கலத்துக்குள் நடத்திக் காட்டுவதுதான் அந்த ஆய்வுக்கூடத்தின் வேலை. வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியும் கலம் மசியவில்லை. அதற்கு மின்சாரத்தைச் சேமித்து ஊட்டும் கெபாசிட்டர்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி, கம்பி வலைக் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள்.

குரு, பேராசிரியர் குந்தவை. சீடர் ஜெபசிங் அவரைவிட வயதில் மூத்தவர். பாதி வாழ்க்கையைக் கரும்பலகை முன்னால் கழித்துவிட்டு, கருவி பழக வந்து சேர்ந்தவர். கணக்கில் புலி. ஸ்குரூவைத் திருகச் சொன்னால் எந்தப் பக்கம் என்று கேட்பார்.

கூண்டுக்குள் நுழைய ஒரு வழக்கம் உண்டு. கெபாசிட்டரில் உள்ள மின்சாரத்தை வடித்ததும், தரையோடு இணைத்த செம்புக் கொக்கியை அதன் தலையில் மாட்டுவார்கள். வேலை முடியும்வரை எடுக்கக் கூடாது. ஆனால் கொக்கி இருந்தால் கை நுழைவது சிரமம். வடிந்த பிறகு மிச்சம் ஏது, எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் ஜெபசிங். குந்தவை வெளியூர் போயிருந்த சமயம் அது. டெக்னீஷியன் மாசிலாமணி அந்தப் பேச்சை நம்பிக் கொக்கியை எடுத்தார், வேலையில் இறங்கினார், கொஞ்ச நேரத்தில் மின்சாரம் தாக்கிச் செத்துப்போனார்.

அடக்கம் முடிந்து குருவும் சீடரும் கூடத்துக்கு வந்தார்கள். ஜெபசிங்குக்குச் சோறு இறங்கவில்லை.

"திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன் மேடம். பூஜ்யம்தான் வருது. என் கணக்குல எங்க தப்பு?"

குந்தவை, தனியாகக் கிடந்த ஒரு கெபாசிட்டருக்கு மின்சாரம் ஏற்றினார். கொக்கியால் வடித்தார். கொக்கியை எடுத்துவிட்டு மீட்டரை வைத்தார்.

"எவ்வளவு சார்?"

"பூஜ்யம்."

"கணக்குப்படி?"

"அதே பூஜ்யம்தான் மேடம்."

குந்தவை மீட்டரைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெபசிங்கும் உட்கார்ந்தார். மாசிலாமணியின் மனைவி அழுத அழுகை இன்னும் அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துக் குந்தவை எழுந்து, கொக்கியை மறுபடி அந்தக் கெபாசிட்டரின் தலைக்குக் கொண்டுபோனார்.

படாரென்று பொறி பறந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

ஜெபசிங்குக்கு உடனே தெரிந்துவிட்டது.

"உள்ள இருக்கிற காப்புப் பொருள் கொஞ்சம் மின்சாரத்த உறிஞ்சி வெச்சுக்கும். அப்புறமா மெதுவா கக்கும். புத்தகத்துலயே இருக்கு."

"முன்னாடியே தெரியுமா?"

"பாடமே நடத்தியிருக்கேன் மேடம். சின்ன அளவுதானேன்னு கணக்குல விட்டுட்டேன்."

சொல்லி முடிக்குமுன் உடைந்து அழுதார். குந்தவை தடுக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே பேசினார்.

"அதையும் சேத்துப் போட்டுடறேன் மேடம். கொக்கிய எப்ப எடுக்கலாம்னு இந்தத் தடவை துல்லியமா சொல்லிடறேன்."

"தாராளமா போடுங்க சார்," என்றார் குந்தவை. "எடுத்ததும் உள்ள கை விடப்போறது நீங்க."