யாரைக் காக்க வைக்கலாம்

"எல்லாருக்கும் முதலிடம் கொடுத்தாச்சு சிஸ்டர். அப்படியும் இன்டர்நெட் லைன் திக்குது" என்றார் வியாகப்பன்.

கடற்கரை ஊரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. சிஸ்டர் ஜெயசீலி அதன் கம்ப்யூட்டர் அறையைக் கவனிப்பவர். வியாகப்பன் அங்கே டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, இணைய இணைப்பைப் பங்கிட்டு விடும் ரௌட்டர் வேலை கற்றுக்கொள்ள அவரிடம் வந்தவர். குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல்.

"எங்க திக்குது?"

"பச்சைப் பிள்ளைங்க வார்டுல."

இருவரும் மாடி ஏறினார்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. தாய் வெளியே நின்றாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம்.

சென்னையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் குழந்தையைப் பார்த்து மருந்தின் அளவைச் சொல்ல வேண்டும்.

"எடை ஒண்ணு புள்ளி ரெண்டு கிலோ, டாக்டர்" என்றார் நர்ஸ்.

பாதி வார்த்தை வழியிலேயே போய்விட்டது.

"ரெண்டு கிலோவா? சரி" என்று டாக்டர் அதற்கேற்ற அளவைச் சொன்னார்.

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இந்த லைனை நம்பி நான் போட மாட்டேன் சிஸ்டர். திருப்பிச் சொன்னாலும் அறுந்து அறுந்து போகுது. படமும் உறைஞ்சு நிக்கு."

"எப்போ போடணும்?"

"இப்போ."

கீழே வந்ததும் சிஸ்டர் கேட்டார். "யாரைக் காக்க வைக்கலாம் அண்ணே?"

"ஒருத்தரையும் முடியாது. எக்ஸ்ரே படம் லேட்டாப் போனா டாக்டர் சண்டைக்கு வருவார். பில்லு லேட்டானா மேனேஜர். எல்லாருமே 'அவசரம்'னுதான் சொல்லுதாங்க. நானும் எல்லாத்தையும் அவசரம்னே குறிச்சு விட்டுட்டேன்."

"நல்ல மனசு உங்களுக்கு."

"கேலி பண்ணாதீங்க சிஸ்டர்."

"சரி. இப்ப வெளிய போற வழியில நிறைய இடத்தைப் பிடிச்சிருக்கிறது எது?"

வியாகப்பன் திரையைப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"சிற்றாலயப் பூசை. நேரலையாப் போய்க்கிட்டிருக்கு."

சிஸ்டரும் திரையைப் பார்த்தார்.

"இன்னைக்கு யாருக்காகப் பூசை?"

"மாடியில கிடக்கிற அந்தப் பிள்ளைக்காகத்தான். மடத்துத் தலைவி மதர் காலையிலயே அறிவிச்சாங்க. வெளிநாட்டுல உள்ளவங்ககூட பார்த்து, சேர்ந்து செபிக்காங்க."

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டாக்டர்கூடப் பேசுறதை முதல்ல போடுங்க. எக்ஸ்ரே அதுக்குப் பிறகு. பில்லு அடுத்து. பூசை கடைசியில."

வியாகப்பனின் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. "நிறுத்திரவா?"

"நிறுத்தவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். பிடிச்சு வச்சு, வழி கிடைக்கிறப்ப கொஞ்சங்கொஞ்சமா விடுங்க."

"சிஸ்டர், நான் ஞானஸ்நானம் வாங்குனவன்."

"நான் மட்டும் என்னவாம்? தட்டுங்க."

தட்டினார்.

சற்று நேரத்தில் மாடியிலிருந்து இன்டர்காமில் நர்ஸின் குரல் வந்தது. "டாக்டருக்குச் சரியாக் கேட்டிருச்சு சிஸ்டர். ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு அவரே திருப்பிச் சொன்னார். அளவைக் குறைச்சுட்டார். மருந்து போடுதேன்."

வியாகப்பன் மூச்சு விட்டார்.

உடனே டெலிபோன் அடித்தது. எடுத்தவர் எழுந்து நின்றுகொண்டே கேட்டார். பிறகு ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினார்.

"மதர் பேசுதாங்க. பூசை நின்னு நின்னு போகுதாம். செபமெல்லாம் பாதியில அறுந்து போகுதேன்னு கோவப்படுதாங்க. என்ன சொல்ல?"

சிஸ்டர் ஜெயசீலி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செபத்தைக் கேக்கிறவர் அந்த லைன்ல இல்லைன்னு சொல்லுங்க."