மடைக்கல்லு நீளத்துக்கு ஒரு விரால்

ஒரு ஊர்ல ஒரு கண்மாய் இருந்துச்சாம். இந்தக் கதையில ராசா கிடையாது, ராணி கிடையாது, மொதல்லயே சொல்லிட்டேன். அப்புறம் பாதியில எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு "ராணி எங்க?"ன்னு கேட்டா கதையை அங்கயே நிறுத்திப்புடுவேன். காலை நீட்டு. கண்ணை மூடு. நான் சொல்லச் சொல்ல ம் கொட்டணும். எங்க, கொட்டு பாப்போம். ம். அது!

அந்தக் கண்மாய்க் கரையில சீனியம்மா சீனியம்மான்னு ஒருத்தி இருந்தா. பேருதான் சீனி, வாயி மொளகா. அவ புருசன் வெளியூருக்குக் கரிமூட்டம் போட, வெறகைச் சுட்டுக் கரியாக்கப் போயிட்டான். வீட்டுல அவளும் ஒரு எருமையும்தான். எருமைக்குப் பேரு மையி. கண்ணுல தீட்டுற மை இருக்குல்ல, அந்தக் கருப்பு. மையிக்கு அப்ப தலைச்சன் சினை. வயிறு இந்தா, இம்புட்டுப் பெருசு. நடந்தா தொளக் தொளக்னு ஆடும்.

அப்போ நல்ல கோடை. கோடைன்னா சாதாரணக் கோடையா? கத்திரி வெயில் முடிஞ்சும் வெயில் போக மாட்டேங்குது. கோழி வாயத் தொறந்துக்கிட்டே நிக்குது. காக்கா கத்த மாட்டேங்குது. மண்ணுல கால வச்சா சுள்ளு சுள்ளுன்னு சுடுது. எருமைக்கு வெயில் ஆகவே ஆகாது, தெரியும்ல? தண்ணிக்குள்ள போயி பொத்துன்னு படுத்தாத்தான் அதுக்கு உசிரு.

தண்ணி இருக்கே கண்மாயில, படுக்க வேண்டியதுதானேங்கிற. அங்கதான் வந்துச்சு வினை.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். கோடையில தண்ணி வத்துனதும் ஊரே கண்மாயில இறங்கி மீன் பிடிக்கும். ஆனா நெனச்சவுடனே இறங்க முடியாது. மடை ஓரமா ஒரு கல்லு, அந்தக் கல்லுல யாரோ பாட்டன் பூட்டன் கீறி வச்ச ஒரு கோடு. கல்லோட அடியில இருந்து கோடு வரைக்கும் நீளமா ஒரு விரால் மீனை யாராச்சும் தூண்டில்ல பிடிக்கணும். பிடிச்சவங்க கையில ஊர்ப் பெரியவரு ஒரு வெள்ளைத் துண்டைக் குடுப்பாரு. பெரியவரு பேரு சோணைமுத்து, ஊருக்குள்ள அம்பலம்னு சொன்னாத்தான் தெரியும். அந்தத் துண்டை வீசுனாத்தான் கண்மாய் தொறந்ததா அர்த்தம். தண்ணி வத்த ஆரம்பிச்சதுல இருந்து அதுவரைக்கும் மனுசனும் இறங்கக்கூடாது, மாடும் இறங்கக்கூடாது. மாடு இறங்குனா தண்ணி கலங்கிரும், கலங்குனா பெரிய விரால் சேத்துக்குள்ள பூந்துக்கிரும்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு. மீறி மாடு இறங்குச்சுன்னா பிடிச்சுக்கிட்டுப் போயி ஊர்ப் பட்டியில அடைச்சுருவாங்க.

மத்த வருசமெல்லாம் தண்ணி வத்துன கையோட விரால் சிக்கிரும். அந்த வருசம் சிக்கவே மாட்டேங்குது. ஊர்ல இருக்குற ஆம்பளைங்க பூராம் கரையில வரிசையா குத்த வச்சுப் பாத்துட்டாங்க. ம்ஹூம்!

மையிக்கு நாக்கு வெளிய தள்ளிருச்சு. மூசு மூசுன்னு எளைக்குது. தோலெல்லாம் பாளம் பாளமா வெடிக்குது. சீனியம்மா வாளி வாளியா மொண்டு ஊத்துறா, ஈரச் சாக்கைப் போத்துறா. ஊத்துன தண்ணி சொய்ங்னு காஞ்சு போகுது. மையி தீவனத்தைத் தொடல. கண்ணுல தண்ணி கோத்துக்கிட்டு இவளையே பாக்குது. சீனியம்மா அதுகிட்ட போயி உக்காந்தா. "இப்பிடியே கிடந்தா கன்னும் தங்காது, நீயும் தங்க மாட்டியேடி"ன்னு அதோட கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திப்புட்டு எந்திரிச்சா. கூரையில சொருகியிருந்த புருசனோட தூண்டிலை உருவுனா. "எவனும் பிடிக்கலைன்னா போங்கடா, நானே பிடிக்கிறேன்."

ம் எங்க? ம். சரி.

மொதல்ல விடியக்காலையில போனா. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மீனு மேயும்னு எல்லாரும் சொல்லுவாங்கள்ல, அதான். மடைக்குப் பக்கத்துல, தண்ணி ஆழமா இருக்குற எடம். முள்ளுல மண்புழுவைக் கோத்துப் போட்டா. தக்கை மெதந்துக்கிட்டு நிக்குது, நிக்குது, நிக்குது... டுபுக்! உள்ள போயிருச்சு. விசுக்னு இழுத்தா. வந்தது என்ன? கெளுத்தி! மீசையை ஆட்டிக்கிட்டு இவளைப் பாக்குது. எடுக்கப் போனா வெரல்ல சுருக்குன்னு குத்திப்புடுச்சு. "ஆத்தே!"ன்னு துள்ளுனா.

அங்க கழுவன் உக்காந்திருந்தான். அவன் இவளுக்குக் கொழுந்தன் முறை. கண்மாயே தன்னோட தூண்டிலுக்குத்தான் தண்ணி வச்சிருக்குங்கிற நெனப்பு அவனுக்கு. "என்ன மதினி, மீனு உங்களைப் பிடிச்சிருச்சா?"ன்னு கெக்கெக்கேன்னு சிரிச்சான். சீனியம்மா வெரலை வாயில வச்சுக்கிட்டதால பதில் சொல்ல முடியல. இல்லைன்னா கிழிச்சிருப்பா.

அப்புறம் சாயங்காலம் போனா. இந்தத் தடவை கருகிக்கிடக்குற தாமரை எலை ஓரமா. அயிரை மீனைக் கோத்துப் போட்டா. அப்போ சளப்னு ஒரு சத்தம். தூண்டில் நரம்பு விர்ர்ர்னு போகுது. அடிச்சுப் பிடிச்சு இழுத்துக் கரையில போட்டா, நெசமாலுமே விராலு! கருப்பா, வழவழன்னு. சீனியம்மாவுக்குக் காலு தரையில நிக்கல. சேலையில சுத்தித் தூக்கிக்கிட்டு மடைக்கல்லுக்கு ஓடுனா. அம்பலம் வந்தாரு, கல்லுல வச்சு அளந்தாரு. கோட்டுக்கு ஒரு சாண் குறையுது.

சீனியம்மா வாலைப் பிடிச்சு இழுத்துப் பாத்தா. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாத்தா.

"இழுத்தா நீள்றதுக்கு அது என்ன ரப்பரா மதினி?"ன்னான் கழுவன்.

"ஐயா, ஒரு சாண்தானேய்யா. மையிக்குத் தலைச்சன் சினைய்யா"ன்னு கெஞ்சுனா.

"சாண் குறைஞ்சாலும் குறைஞ்சதுதான் ஆத்தா. தண்ணியில விட்டுரு"ன்னாரு அம்பலம். அவரு கெட்டவரு இல்ல. வழக்கம்னா வழக்கம்னு நிக்கிற ஆளு. அவரு வீட்டு எருமையும் மாட்டுக் கொட்டத்துல மூச்சு வாங்கிக்கிட்டுத்தான் கிடந்துச்சு.

விராலை விட்டா. அது வாலை ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போயிருச்சு. இவ தூண்டிலைக் கரையிலயே வீசிட்டு வீட்டுக்குப் போனா.

மறுநா உச்சி வெயில். ஊரே கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கு. அப்போ மையி தொபுக்கடீர்னு முன்னங்கால் மடங்கி விழுந்துச்சு. சீனியம்மாவுக்கு உசிரே போயிருச்சு. கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "வழக்கமாவது வெங்காயமாவது! பட்டியில அடைக்கிறதுன்னா அடைச்சுக்கட்டும். உசிரோட அடைக்கட்டும். எந்திரிடி!"ன்னு கயித்தை அவுத்தா. மையி தட்டுத் தடுமாறி எந்திரிச்சுச்சு. மெல்ல நடந்துச்சு. கரைமேல ஏறித் தண்ணியைப் பாத்துச்சோ இல்லையோ, அம்புட்டுதான்! தடதடதடன்னு ஒரே ஓட்டம். கயித்தைப் பிடிச்சிருந்த சீனியம்மாவும் தரதரன்னு கூடவே போறா. தொபீர்! ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள!

மையி ஒரு பெருமூச்சு விட்டுச்சு பாரு. ஹுஸ்ஸ்ஸ்ஸ். அதைக் கேட்டு சீனியம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துச்சு.

அப்புறந்தான் கவனிச்சா. மேல இருக்குற தண்ணி வெந்நியாக் கொதிக்குது. கண்மாய்க்குள்ள மரம் கிடையாது, மத்த வருசம் நெழல் குடுக்குற தாமரை எலையெல்லாம் இந்த வருசம் கருகிப் போச்சு. கண்ணுக்கு எட்டுன தூரம் வெயிலு, வெயிலு, வெயிலு. நெழலுன்னு இருக்குறது மையியோட நெழலு ஒண்ணுதான். அந்த நெழலுக்குள்ள, மையி வயித்தை ஒட்டி, களுக்னு ஒரு சத்தம். ஒரு கருந்தலை வெளிய வந்து காத்தைக் குடிச்சுட்டு உள்ள போச்சு. விராலு அப்பிடித்தான், அப்பப்ப மேல வந்து மூச்சு விட்டுட்டுப் போகும். தலையே இவ உள்ளங்கை அகலம் இருக்கு!

"அடப்பாவிகளா!"ன்னு கத்த வாயெடுத்து, ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டா. வெளங்கிருச்சு அவளுக்கு. விராலுக்கும் நெழலு வேணும். எரும படுத்துக்கிடந்தா அந்த நெழலுக்கு வரும், எரும கெளப்பிவிடுற தவளையைத் திங்கும். இவங்க எருமையெல்லாம் விரட்டிவிட்டுட்டு, விரால் வரலை வரலைன்னு கரையில உக்காந்து காத்துக் கிடந்திருக்காங்க! கொழுப்பப் பாரு!

சத்தமில்லாம, பூனை மாதிரி கரைக்குப் போயி தூண்டிலை எடுத்தா. மையி காலை மாத்துச்சு, ஒரு தவளை துள்ளுச்சு, லபக்னு பிடிச்சா. முள்ளுல மாட்டுனா. நெழலோட ஓரத்துல மெதுவா விட்டா. தவளை தத்துச்சு. தத் தத். இன்னொரு தத்து.

லபக்!

ஆத்தாடி, அது மீனா, பூதமா? ஒரே இழுப்பு, மூங்கில் கம்பு மடார்னு முறிஞ்சு போச்சு. நரம்பைக் கையால பிடிச்சா, கையை அறுக்குது. இவளையே உள்ள இழுக்குது. கழுத்து வரைக்கும் தண்ணி வந்துருச்சு. என்ன செய்யலாம், என்ன செய்யலாம்? பக்கத்துல மையி. அதோட கழுத்துக் கயித்துல நரம்பைச் சுத்து சுத்துன்னு சுத்தி ஒரு முடிச்சுப் போட்டா. மையிக்கு ஒண்ணும் தோணல. இத்தனை நாள் கழிச்சுக் கிடைச்ச தண்ணி, அது பாட்டுக்கு அசை போடுது. விரால் அந்தப் பக்கம் இழுக்குது, மையி மலை மாதிரி கிடக்குது. "மையி, எந்திரிடி! கரைக்குப் போடி!"ங்கிறா. மையி காதை மட்டும் ஆட்டுச்சு. நீ காலையில எந்திரிக்கிறியே, அதே மாதிரி.

அப்போ கரைமேல ஒரே கூச்சல். கழுவன் பாத்துட்டான். அம்பலத்தையும் ஊரையும் கூட்டிக்கிட்டு ஓடி வாரான். "எருமையை எறக்கிட்டா! எருமையை எறக்கிட்டா!" அவனுக்குத் தண்ணிக்குள்ள மீனு இருக்குறது தெரியாது. "ஏத்துங்க மதினி மாட்டை!"ன்னு கத்திக்கிட்டே ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசுனான். அது நேரா மையி முதுகுல போயி பொத்துன்னு விழுந்துச்சு.

மையிக்கு வந்துச்சு பாரு கோவம். ஙொய்ய்ய்னு கத்திக்கிட்டு எந்திரிச்சுச்சு. எந்திரிச்சுக் கழுவனைப் பாத்து ஓடி வருது! சேத்தைக் கிழிச்சுக்கிட்டு, வயித்தை ஆட்டிக்கிட்டு, சளக் சளக் சளக்! கழுவன் "ஐயோ"ன்னு அம்பலத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சான். மையி கரை ஏறிருச்சு. கழுத்துக் கயித்துல நரம்பு, நரம்புக்குப் பின்னாடி மீனு, மீனுக்குப் பின்னாடி சேறு பூசிக்கிட்டு சீனியம்மா! ஊரு பூராம் வாயப் பொளந்துக்கிட்டு நின்னுருச்சு.

தூங்கிட்டியா? ம் சொல்லு. இப்பத்தான் நல்ல எடம்.

நாலு பேரு சேந்து விராலைத் தூக்கிட்டுப் போயி மடைக்கல்லுல வச்சாங்க. தலையைக் கல்லோட அடியில வச்சா, வாலு கோட்டைத் தாண்டி அங்கிட்டுத் தொங்குது!

கழுவன் விட்டானா? "இது செல்லாதுங்கய்யா. எரும இழுத்த மீனு கணக்குல வராது"ன்னான்.

சீனியம்மா சேத்தைத் தொடச்சுக்கிட்டே சொன்னா: "சரி கொழுந்தனாரே. மையி பிடிச்ச மீனாவே இருக்கட்டும். துண்டை மையிக்கிட்டயே குடுத்துருங்க. எங்க, நீங்களே கிட்டப் போயிக் குடுங்க பாப்போம்."

மையி கழுவனைப் பாத்து மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சுச்சு. கழுவன் மறுபடியும் அம்பலத்துக்குப் பின்னாடி போயிட்டான். ஊரே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுச்சு.

அம்பலம் மட்டும் சிரிக்காம யோசிக்கிறாரு. காலுல செருப்பு இல்ல, மண்ணு சுடுது. ஒரு காலு மாத்தி ஒரு காலு நின்னுக்கிட்டே யோசிக்கிறாரு. "மாட்டை எறக்குனது தப்புதான... ஆனா மீனு அளவு சரியா இருக்கே..."

அவரு சம்சாரம் கூட்டத்துக்குள்ள இருந்து ஒரு அதட்டுப் போட்டாங்க. "என்ன யோசனை வேண்டிக்கிடக்கு? நம்ம வீட்டு எருமையும் நாக்கைத் தள்ளிக்கிட்டுத்தான் கிடக்கு. குடுங்க துண்டை!"

குடுத்துட்டாரு.

அப்புறம் சீனியம்மா மடைமேல ஏறி நின்னா. அம்புட்டுப் பேரும் ஓடிப் போயி வலையும் கூடையுமா வந்து கரையில நிக்கிறாங்க. துண்டு எப்ப ஆடும், எப்ப பாயலாம்னு பாக்குறாங்க. அவ வீசல.

"மதினி, வீசுங்க மதினி!"

"கூடையெல்லாம் கீழ வைங்க. வீட்டுக்குப் போங்க. அவங்கவங்க எருமையை அவுத்துக்கிட்டு வாங்க. அதுக மொதல்ல. நாம அப்புறம்."

திமுதிமுன்னு ஓடுனாங்க. ஒவ்வொரு கொட்டமாத் தொறந்துச்சு. ஒவ்வொரு எருமையா வந்துச்சு, எலும்பும் தோலுமா, எளைச்சுக்கிட்டு, தள்ளாடிக்கிட்டு. எல்லாம் கரையில வந்து வரிசையா நின்னதும் சீனியம்மா கையை ஓங்கி, துண்டை வீசுனா! விர்ர்ர்ர்! தடதடதடன்னு ஊரு எரும மொத்தமும் தண்ணிக்குள்ள! தொபீர்! தொபீர்! தொபீர்! தண்ணி பனை ஒசரத்துக்கு எழும்புச்சு. சனம் பூராம் குலவை போட்டுச்சு. அம்பலம் சுட்ட காலைத் தண்ணியில வச்சுக்கிட்டு "அப்பாடி"ன்னாரு. சீனியம்மா மடைமேல நின்னு, செயிச்சுட்டேன்னு அந்த வெயிலுக்கே கேக்குற மாதிரி சிரிச்சா.

அந்த வருசத்துல இருந்து அந்த ஊர்ல கண்மாய் தொறந்தா எருமைக்குத்தான் மொதல் மரியாதை.

மையி எங்கயா? அது எல்லாத்துக்கும் நடுவுல, கழுத்தளவுத் தண்ணியில படுத்திருக்கு. வயித்துக்குள்ள கன்னு மெல்ல ஒரு பொரளு பொரண்டுச்சு. மூக்கு மட்டும் மேல. காது ரெண்டும் தொங்கிருச்சு. கண்ணு மெல்ல மெல்லச் சொருகுது. ஹுஸ்ஸ்ஸ்.

மையி தூங்கிருச்சு, மீனு கொழம்பாயிருச்சு, கதையும் கரையேறிருச்சு. நீயும் தூங்கு.